அடியைத் திறக்கும் கேமரா: பழைய லைக்காவில் முதல் ரோல்

என் முதல் லைக்கா ரோலில் 36 முறை பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய 'ஸ்னிக்' சத்தம். கையில் கெட்டியான உலோகம். பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு. கழுவி எடுத்தபோது கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம்தான் வந்தது, ஒரு படம்கூட விழவில்லை. ஃபிலிம் உள்ளே நகரவே இல்லை. குற்றம் கேமரா மேல் இல்லை, ஃபிலிமைப் போடத் தெரியாத என் மேல்தான்.

தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைத்ததோ, காசு சேர்த்து வாங்கியதோ, பழைய திருகு லென்ஸ் லைக்கா ஒன்று கையில் இருந்து என்ன செய்வதென்று புரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் மாடலிலிருந்து 1950-களின் பிற்பகுதி வரை வந்த இந்த வரிசையை, வடிவமைத்தவர் பெயரால் 'பர்னாக் லைக்கா' என்பார்கள். 1954-இல் தொடங்கிய எம் வரிசையின் கதை வேறு. அதை இங்கே தொடவில்லை.

இந்தக் கேமராவின் விசித்திரங்களுக்கெல்லாம் ஒரு பழைய காரணம் உண்டு. அது தெரிந்துவிட்டால் செய்முறை தானாக மனதில் நிற்கும். அதனால் வழிமுறையையும் வரலாற்றையும் கலந்தே சொல்கிறேன்.

முதலில், இது எங்கிருந்து வந்தது

ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற சிறிய ஊர். அங்கே எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் மைக்ரோஸ்கோப் செய்து பெயர் வாங்கியிருந்தது. 1911-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் ஆஸ்கர் பர்னாக். அவருக்கு ஆஸ்துமா. மலைக்காடுகளில் நடந்து படம் எடுக்கப் பிரியம். அந்தக் காலத்துக் கேமராவோ பெரிய பெட்டி. அதற்கு 13×18 செ.மீ. கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கான சட்டங்கள், முக்காலி. மூச்சு வாங்குகிறவர் சுமக்கக்கூடிய சாமான் இல்லை.

சின்ன நெகட்டிவில் எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டால் போதுமே என்று அவர் யோசித்தார். சின்ன நெகட்டிவுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் சந்தையில் இருந்தது: 35 மி.மீ. அகலமுள்ள சினிமா ஃபிலிம். சினிமாவில் ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடும், ஒரு படத்தின் அளவு 18×24 மி.மீ. பர்னாக் ஃபிலிமைப் படுக்கவைத்து ஓடவிட்டார். இரண்டு சினிமாப் படங்களின் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். 24×36 மி.மீ. பிறந்தது அப்படித்தான். இன்றைக்கு டிஜிட்டல் கேமராக்காரர்கள் 'ஃபுல் ஃபிரேம்' என்று சொல்வது இந்த அளவைத்தான்.

1914 மார்ச்சுக்குள் முதல் மாதிரி தயார். அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'லில்லிபுட் கேமரா'. அந்த ஆகஸ்ட்டில் போர் வெடித்தபோது, வெட்ஸ்லரில் ஒட்டப்பட்ட படைதிரட்டல் அறிவிப்பை அதில் படம் எடுத்தார். 1920-இல் ஊருக்குள் வெள்ளம் வந்தபோதும் அதே சின்னக் கேமராதான். போரும் அதன் பிறகு வந்த பணவீக்கமும் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டன. 1923 வாக்கில் சோதனைக்காக இருபத்துச் சொச்சம் கேமராக்கள் செய்து பார்த்தார்கள். 1924-இல் நிறுவனத்தில் நீண்ட விவாதம் நடந்தது. ஊரெல்லாம் வேலையில்லாத காலம். இப்படியொரு பொம்மையில் பணம் போடுவதா என்று பலர் தயங்க, இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து இறங்குவதென்று முடிவு செய்தார். 1925 வசந்த காலத்தில் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா வெளியானது. லைட்ஸ், கேமரா இரண்டையும் சுருக்கியதுதான் பெயர்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சினிமா ஃபிலிமில் சாதாரணப் படம் எடுத்த முதல் கேமரா இது இல்லை. அமெரிக்காவிலும் பிரான்சிலும் 1913, 1914 வாக்கிலேயே அப்படிப்பட்ட கேமராக்கள் வந்தன. அவை எடுபடவில்லை. லைக்காவின் இடம் வேறு. கையில் அடங்கும் உடம்பு, மாக்ஸ் பெரெக் கணக்கிட்டுத் தந்த கூர்மையான லென்ஸ், குமிழைத் திருகினால் ஃபிலிமும் நகர்ந்து ஷட்டரும் தயாராகும் ஏற்பாடு, இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் 35 மி.மீ. உலகத்துக்குப் பழகியது.

கையில் இருப்பது எந்த மாடல்?

முன்பக்கத்தைப் பாருங்கள். லென்ஸுக்கு மேலே இரண்டு வட்ட ஜன்னல்களும் நடுவே ஒரு சின்ன வியூஃபைண்டரும் (படத்தின் எல்லையைப் பார்க்கும் துளை) இல்லாமல் மொட்டையாக இருந்தால் அது லைக்கா 1 வகை. தூரத்தை நீங்கள்தான் கண்ணால் அளக்க வேண்டும். ஜன்னல்கள் இருந்தால் லைக்கா 2 அல்லது அதற்குப் பிந்தியது. தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது 1932-இல் வந்த அந்த மாடலில்தான். முன்பக்கம் இன்னொரு குட்டி டயல் இருந்தால் மெதுவான வேகங்களும் உண்டு என்று அர்த்தம். அது 1933-இன் லைக்கா 3, அல்லது அதன் தம்பிகள். 1935-இன் 3ஏ-வில் 1/1000 நொடி சேர்ந்தது. 1938-இன் 3பி-யில் பின்னால் உள்ள இரண்டு கண்துளைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 1950-இன் 3எஃப்-இல் ஃபிளாஷ் இணைப்பு வந்தது.

வரிசை எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எண் சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய கேமராவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் புது மாடலின் வசதிகளை வைத்துத் திருப்பித் தரும் வேலையை லைட்ஸ் நிறுவனமே செய்துவந்தது.

போலி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1934-இல் உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஒரு குடியிருப்பில் 'ஃபெட்' என்ற கேமராவைச் செய்யத் தொடங்கினார்கள். லைக்கா 2-இன் அச்சு அசல் நகல். பிறகு 1948-இல் 'ஸோர்கி' வந்தது. இரண்டும் லட்சக்கணக்கில் விற்றன. அவற்றின் மேல் எழுத்தைச் சுரண்டி 'லைக்கா' என்று பொறித்து, தங்க முலாம் பூசி, 'பெர்லின் ஒலிம்பிக் 1936' என்றெல்லாம் செதுக்கி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தங்கமாகப் பளபளத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். லென்ஸைக் கழற்றி வாய்க்குள் மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை இயக்க ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். லைக்காவில் அதன் நுனியில் சின்ன வட்ட உருளை இருக்கும். ஃபெட், ஸோர்கியில் ஆப்பு போல ஒரு நாக்கு. இந்த ஒரு சோதனை பெரும்பாலான ஏமாற்றுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்காக ஃபெட் கேமராவை மட்டமாக எண்ணவும் வேண்டாம். உண்மையான பெயரோடு, நியாயமான விலையில் கிடைத்தால் பழகிக்கொள்ள நல்ல கேமரா அது. இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான படிகள் ஆரம்பகால ஃபெட்டுக்கும் பொருந்தும். லைக்கா விலையின் உச்சி எங்கே என்று கேட்டால், சோதனைக்குச் செய்த அந்த இருபத்துச் சொச்சத்தில் பர்னாக் தானே வைத்திருந்த 105-ஆம் எண் கேமரா 2022-இல் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. நம்முடையது அது இல்லை, பயமில்லாமல் உபயோகிக்கலாம்.

ஃபிலிம் போடும் முன்

காலிக் கேமராவில் குமிழைத் திருகி, ஷட்டரின் எல்லா வேகத்திலும் பத்துப் பத்து முறை பட்டனை அழுத்தி அடியுங்கள். வருடக்கணக்காகத் தூங்கிய ஷட்டர் முதலில் முனகும். 1 நொடியும் 1/2 நொடியும் இழுத்தாலோ நின்றுபோனாலோ மசகு இறுகிவிட்டது என்று பொருள், தெரிந்தவரிடம் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். நீங்களே எண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயை விட்டுத் திரைச்சீலையைப் பாழாக்கிய கேமராக்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆம், திரைச்சீலைதான். ஷட்டர் என்பது ரப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள். ஒன்று ஓட, இன்னொன்று துரத்தும். இடையில் உள்ள சந்துதான் ஃபிலிமுக்கு வெளிச்சம் காட்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு. லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் துணியில் ஓட்டை போட்டுவிடும். நம் ஊர் நண்பகல் வெயிலில் மூடி இல்லாமல் கேமராவை மேஜைமேல் வானம் பார்க்க வைக்கவே கூடாது. ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, முதல் ரோலில் ஒரு படத்துக்கு முன் மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் வெளிச்சத்தில் (சூரியனை நேராகப் பார்க்காமல்) பிடியுங்கள். அந்தப் படத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் திரையில் ஊசி ஓட்டை.

வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடித்தட்டைத் திறந்து, ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல் உள்ளே இருக்கிறதா பாருங்கள். அது கழன்று வரும் பாகம் என்பதால் பல பழைய கேமராக்களில் தொலைந்துபோயிருக்கும்.

நாக்கை நீளமாக வெட்டுதல்

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். புதியவர்களில் பாதிப் பேர் விழுவதும் இங்கேதான்.

மற்ற கேமராக்களில் பின்கதவு திறக்கும். இதில் பின்கதவே கிடையாது. அடித்தட்டு மட்டும் கழன்று வரும். ஃபிலிமை ஒரு குறுகிய சந்தில் கீழிருந்து செருக வேண்டும். 1932-இலேயே போட்டியாளரான ஸைஸ் ஐகானின் காண்டாக்ஸில் பின்பக்கம் முழுதாகக் கழன்று வந்தது. லைட்ஸ் நிறுவனம் அசையவில்லை. ஒரே குழாயாக இருக்கும் உடம்பு உறுதியானது, வெளிச்சம் கசியாது. அதில் நியாயம் உண்டு, ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பது நம் விரல்கள்.

கடையில் வாங்கும் ரோலின் முனையில் பாதி அகலத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த வடிவம் லைக்கா விட்டுச்சென்றது. ஆனால் பின்கதவுக் கேமராக்கள் பெருகிய பிறகு கம்பெனிகள் அதைக் குட்டையாக்கிவிட்டன. குட்டை நாக்கோடு அப்படியே செருகினால், முழு அகலமுள்ள பகுதி உள்ளே இடித்து மடங்கும். ஃபிலிமை இழுக்கும் சக்கரத்தின் பல்லில் ஏறாது. சில நேரம் கிழிந்து, துண்டு ஷட்டருக்குள் விழும்.

ஆகவே நாக்கைச் சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி நீட்ட வேண்டும். ஓரத் துளைகளை எண்ணுவதானால் 21 துளை. ஏற்கெனவே வெட்டியிருக்கும் அதே பக்கத்தில், அதே கோட்டில் தொடர்ந்து வெட்டுங்கள், பக்கம் மாறக் கூடாது. முழு அகலத்தில் போய்ச் சேரும் இடத்தில் மெதுவாக வளைத்து முடியுங்கள். கத்தரி ஒரு துளையின் நடுவே போனால் பிசிறு நிற்கும், அந்தப் பிசிறுதான் மாட்டிக்கொள்ளும். துளைகளுக்கு நடுவே உள்ள இடத்தில் முடியட்டும். அந்தக் காலத்தில் இதற்கென்றே 'அப்லோன்' என்ற உலோக அச்சை லைட்ஸ் விற்றது. நான் சரியாக அமைந்த ஒரு பழைய நாக்கை வெட்டி எடுத்து, கேமரா பையில் மாதிரியாக வைத்திருக்கிறேன். அதன் மேல் வைத்துப் பார்த்து வெட்டினால் வேலை முடிந்தது.

லென்ஸைக் கழற்றி, ஷட்டரைத் திறந்துவைத்து, விரலால் ஃபிலிமைத் தள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய அட்டையைச் செருகி அதன் மேல் வழுக்கவிடலாம் என்பார்கள். இரண்டும் நடக்கும். ஆனால் எண்பது தொண்ணூறு வயதுத் துணித்திரைக்குப் பக்கத்தில் விரலை விடுவது எனக்குச் சம்மதமில்லை. கத்தரி வேலைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஃபிலிமைப் போடுதல்

நிழலில் உட்காருங்கள். கேமராவைத் தலைகீழாக மடியில் வையுங்கள்.

1. அடித்தட்டின் சாவியைத் தூக்கித் திருப்புங்கள். ஜெர்மன் எழுத்து உள்ள கேமராவில் 'ஆஃப்' என்றிருக்கும் பக்கம் திறக்க, 'ட்ஸூ' என்பது மூட. முதலாவதை ஆங்கில 'ஆஃப்' என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

2. ஸ்பூலை வெளியே இழுங்கள். அதிலுள்ள கவ்விக்குள் நாக்கின் நுனியைச் செருகுங்கள். ஃபிலிமின் ஓரம் ஸ்பூலின் விளிம்போடு ஒட்டி நேராக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் மறுபடியும் செருகுங்கள்.

3. ஒரு கையில் ரோல், மறு கையில் ஸ்பூல். நடுவில் நாக்கு இழுத்துப் பிடித்த நாடா போல நிற்க, இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்குங்கள். முட்டினால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து மறுபடி இறக்குங்கள்.

4. குமிழைக் கொஞ்சம் திருகி, ஓரத் துளையில் பல் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இது தெரியாமல் மூடவே மூடாதீர்கள்.

5. அடித்தட்டை முதலில் சாவி இல்லாத முனையில் கொக்கியில் மாட்டி, பிறகு மூடிப் பூட்டுங்கள்.

6. ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருகித் தொய்வை எடுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

இப்போது என் 36 படங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விஷயம். ஃபிலிமை நகர்த்தும் குமிழைத் திருகும்போது, எதிர்முனையில் உள்ள ரீவைண்ட் குமிழ் தானாகப் பின்னோக்கிச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. சும்மா இருந்தால், நீங்கள் காற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் அரைக் கண்ணால் அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டு முறை திருகி அடித்துவிட்டு, எண் காட்டும் வட்டத்தைக் கையால் 0-வுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். அது தானாகத் திரும்பாது.

முன்னே இதைவிடக் கஷ்டம். 1934-இல் கோடக் தன் ரெட்டினா கேமராவோடு இன்று நாம் அறிந்த தயார் ரோலைக் கொண்டுவரும் வரை, லைக்காக்காரர்கள் பித்தளை டப்பாவில் இருட்டறையில் உட்கார்ந்து ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரோலுக்கு ஏன் 36 படம் என்பதற்கு, பர்னாக் இரண்டு கைகளையும் விரித்தால் அத்தனை நீளம்தான் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். ஆனால் 36 படத்துக்கான ஃபிலிம் ஏறக்குறைய 1.6 மீட்டர், கையை விரித்துப் பார்த்தால் பொருந்தத்தான் செய்கிறது.

ஷட்டர் டயல்: முதலில் திருகு, பிறகு தொடு

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குமிழை முழுதாகத் திருகிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். காரணம், பட்டனை அழுத்தும்போது இந்த டயலும் சேர்ந்து சுழல்கிறது. திருகாத நிலையில் அது காட்டும் எண் பொய். டயலைத் தூக்கி, வேண்டிய எண்ணுக்குத் திருப்பி, இறக்குங்கள். படம் எடுக்கும்போது விரல் அதன் மேல் உரசக் கூடாது, உரசினால் ஷட்டர் தடுமாறும்.

டயலில் 20, 30, 40, 60, 100, 200, 500 என்று பழைய எண்கள் இருக்கும். இன்றைய 125, 250 இல்லை. பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டால் போதும். 'இசட்' என்ற எழுத்து இருந்தால் அது ஜெர்மனில் நேரத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். முன்பக்கக் குட்டி டயல் உள்ள கேமராவில், மேல் டயலை 20-1 என்ற இடத்தில் வைத்தால்தான் மெதுவான வேகங்கள் வேலை செய்யும்.

லென்ஸ்

பெரும்பாலும் 50 மி.மீ. எல்மர், எஃப் 3.5 இருக்கும். உள்ளே மடங்கும் லென்ஸ் இது. வெளியே இழுத்து, கடிகார முள் திசையில் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்ட மறந்தால் ரோல் முழுக்க மங்கலாக வரும். இந்தத் தவற்றையும் செய்திருக்கிறேன், ஆனால் ஆறு படத்தோடு விழித்துக்கொண்டேன்.

அப்பெர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு. அதன் எண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்: 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18. ஐரோப்பாவின் பழைய வரிசை இது. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். 6.3 என்பதை 5.6-க்கும் 8-க்கும் இடையிலும், 9 என்பதை 8-க்குச் சற்று மேலும் வைத்து நினைத்துக்கொள்ளலாம். மாற்றுவதற்கு லென்ஸின் முகத்திலேயே ஒரு மிகச் சின்ன நீட்டல் உண்டு. நகத்தால் தள்ள வேண்டும்.

தூரம்

ஃபோகஸ் கை தொலைதூர நிலையில் பூட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் விடும். ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள கேமராவில் ஒரு கண்துளையில் பார்த்தால் நடுவே இரட்டை உருவம் தெரியும். கையை நகர்த்தி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. அப்புறம் அடுத்த கண்துளைக்குக் கண்ணை மாற்றி, படத்தின் எல்லையைப் பார்த்து எடுக்க வேண்டும். கிட்டத்தில் இருப்பவரை எடுக்கும்போது வியூஃபைண்டர் காட்டுவதைவிடப் படம் சற்றுக் கீழே விழும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

ஆனால் இந்தக் கேமராவின் உண்மையான சுகம் ரேஞ்ச்ஃபைண்டரை மறப்பதில் இருக்கிறது. அப்பெர்ச்சரை 9-இல் வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்தினால், சுமார் மூன்றேகால் மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குச் சற்று மேல் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். 12.5-இல் 7 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய மூன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை. இனி கேமராவை உயர்த்து, அழுத்து, இறக்கு. அவ்வளவுதான். எதிரில் நிற்பவர் கவனிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

புகைப்படக் கலையில் லைக்கா மாற்றியது இதைத்தான் என்பது என் கட்சி. கூர்மையில் பெரிய தகட்டுக் கேமராக்கள் அப்போதும் மேலேதான் இருந்தன. ஆனால் அவற்றின் முன் ஆட்கள் போஸ் கொடுத்து நின்றார்கள். லைக்கா வந்ததும் படம் எடுப்பவர் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். பாரிஸில் புகைப்படக்காரர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928-இல் ஒன்று வாங்கினார். 1932-இல் மார்சேயில் இன்னொரு புகைப்படக்காரர், ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், வாங்கினார். பளபளக்கும் பாகங்கள் யார் கண்ணையும் இழுக்காதிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்த மனிதர்தான் 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களிலும், பாண்டிச்சேரியில் அரவிந்தரின் முன்னாலும் கேமராவோடு நின்றவரும் அவரே.

வெளிச்சம்

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. செல்போனில் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு மூன்று கணக்குகள் தெரிந்தால் முக்கால்வாசி நாள் ஓடிவிடும். ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று சொல்லும் எண்) 100 ஃபிலிமாக இருந்து, நிழல் கூர்மையாக விழும் வெயிலானால் 1/100 நொடி, அப்பெர்ச்சர் 12.5. அதே வெயிலில் ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500, 12.5. திறந்த நிழலில், அதாவது மரத்தடியிலோ திண்ணையிலோ, ஐஎஸ்ஓ 100-க்கு 1/60, 6.3. நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் கேடில்லை, குறைந்தால்தான் படம் சாகும். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு படி கூட்டுங்கள். முதல் ரோல் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும், தவறுகளை நன்றாகத் தாங்கும்.

திருப்பிச் சுற்றுதல்

36-க்குப் பக்கத்தில் குமிழ் இறுகினால் பலவந்தம் செய்யாதீர்கள். ஷட்டர் பட்டனுக்கு அருகில் உள்ள சின்ன நெம்பை 'ஆர்' பக்கம் தள்ளி, ரீவைண்ட் குமிழை அம்புத் திசையில் திருகுங்கள். மழைக்காலம் போகட்டும், காய்ந்த காற்றில் வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் மின்னி ஃபிலிமில் கோடு விழலாம். நிதானமாகவே சுற்றுங்கள். ஷட்டர் பட்டனில் ஒரு புள்ளி தெரியும். ஃபிலிம் ஓடும் வரை அந்தப் பட்டன் சுழலும். அது நின்றதும் ஃபிலிம் பல்லிலிருந்து விட்டுவிட்டது என்று பொருள். மேலும் சில சுற்று சுற்றிவிட்டு அடித்தட்டைத் திறக்கலாம். நெம்பைப் பழைய இடத்துக்குத் தள்ள மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த ரோல் நகராது.

நெகட்டிவ் வந்ததும் படங்களைப் பார்க்கும் முன் இடைவெளிகளைப் பாருங்கள். ஒரு படமும் அதன் இடைவெளியும் சேர்ந்து எட்டு ஓரத் துளை. அது சீராக இருந்தால் கேமராவின் பற்கள் நலம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் முதலில் நாக்கை வெட்டிய விதத்தைச் சந்தேகியுங்கள், அதற்கப்புறம் மெக்கானிக்கைத் தேடலாம். படத்தின் ஒரு ஓரம் மட்டும் போகப்போக இருட்டாக இருந்தால், இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அது சர்வீஸ் வேலை.

வைத்துக்கொள்ளும் இடம்

லைக்காவோடு வரும் பழுப்பு நிறத் தோலுறை அழகானது. ஆனால் கடலோர ஊர்களில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சை அங்கிருந்துதான் லென்ஸுக்கு ஏறும். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, ஷட்டரைத் திருகாத நிலையில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பத்து முறை அடியுங்கள். தோலுறை அலமாரியில் தனியாகக் கிடக்கட்டும்.